கொலு ஏரோப்ளேனுக்குப் பூசிய பச்சை

என் அண்ணன் அடிக்க ஆரம்பித்தால் முதல் அடி காதில்தான் விழும். காதில் அடி வாங்கினால் அந்தச் சத்தம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த அடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். சாயப் பட்டறையில் பட்டு நூல் கட்டுகளைத் தொங்கவிட்டு அண்டாவில் புரட்டுவதற்கு மூங்கில் கழிகள் வைத்திருப்போம். கையால் தொடங்குவார். கோபம் தணியாவிட்டால் கழிக்குப் போவார். வெந்நீரில் ஊறி ஊறி அந்தக் கழிகள் இரும்பாட்டம் இருக்கும்.

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பாவைத்தான் சொல்கிறேன். நீங்கள் பார்த்த பெரியப்பா தெருமுனைக் கடையில் வறுத்த பட்டாணி வாங்கி, உங்களோடு சேர்ந்து பங்கு போட்டுத் தின்றவர். அவரும் இவரும் ஒரே ஆள்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அலங்காரமாகச் சொல்ல வராது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா போனபிறகு பட்டறை அண்ணன் கைக்கு வந்தது. வீட்டில் அண்ணன், அண்ணி, நான், மூன்று பேர். பின்கட்டில் தகரக் கொட்டகை, இரண்டு தாமிர அண்டா, அடுப்பு, கிணறு. அண்ணனுக்கு முப்பது வயது, எனக்கு இருபது. அண்ணியை அவர் தொட்டதில்லை. அண்ணியோடு பிறந்தவர்கள் மூன்று அண்ணன்மார், மூவரும் தறி மிதித்துத் தொடை இறுகிய ஆட்கள். எனக்கு அப்படி யாரும் இல்லை.

அடி எல்லாம் நிறத்துக்காகத்தான். இன்றைக்குச் சாயத்தில் முக்கின நூலும் நாளைக்கு முக்குகிற நூலும் ஒரே நிறமாக இல்லாவிட்டால் புடவை உடலில் குறுக்கே கோடு விழும். கோடு விழுந்தால் நெய்தவர் எங்கள் வாசலில் வந்து நின்று, பெற்ற தாயையும் சேர்த்துத் திட்டுவார். அண்ணன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். நெய்தவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, வாங்கியதை எனக்குக் கொடுப்பார்.

பாகிஸ்தான் சண்டை முடிந்த மறுவருஷம் அது. ஊரில் கொலு வைக்கிற வீடுகளில் எல்லாம் அந்த வருஷம் கீழ்ப்படியில் மணலைக் கொட்டி, பீரங்கியும் தகரச் சிப்பாயுமாக வைக்கப்போகிறார்கள் என்று புரட்டாசி பிறக்கும் முன்பே பேச்சாக இருந்தது. எங்களுக்கு நூல் கொடுக்கிற முதலாளி வீட்டுக் கொலு ஊரே வரிசையில் நின்று பார்க்கிற கொலு. அவருடைய மருமகன் சிங்கப்பூரில் இருந்தார். அங்கிருந்து ஓர் அட்டைப்பெட்டி அனுப்பியிருந்தார். மூடியில் ஒரு சண்டை விமானத்தின் படம். மேல்பக்கம் பச்சையும் மண் நிறமும் திட்டுத்திட்டாக, வயிற்றுப் பக்கம் வெளிறின நீலம். பெட்டியைத் திறந்தால் விமானத்தைக் காணோம். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் ஜன்னல் கம்பி போன்ற சட்டங்கள். அவற்றில் ஒட்டிக்கொண்டு இறக்கை தனி, வால் தனி, சக்கரம் தனி. ஒட்டுவதற்கு ஒரு டியூபு பசை. எதை எதோடு ஒட்டுவது என்று படம் போட்ட தாள். பெயின்ட் கிடையாது.

முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"டேய் தம்பி, இத ஒட்டி, கலர் அடிச்சிக் குடுக்கணும். மூடியில இருக்கிறாப்பலயே இருக்கணும். பச்சைன்னா அந்தப் பச்சை. வேற பச்சை ஆவாது."

"நான் சாயக்காரன் முதலாளி. பெயின்ட்டு அடிச்சதே இல்ல."

"கலர் பாக்குற கண்ணு ஒண்ணுதானேபா? திருப்பருத்திக்குன்றத்தாண்ட புதுசா சாயப் பட்டறை போட்டுக்கினு இருக்கேன். பத்து ஆளு வேல செய்வான். கலர் பாத்து சொல்றதுக்கு ஒருத்தன் வேணும். அங்கயே தங்கறதுக்கு ரூம்பு இருக்குது. இத நீ எப்படி முடிக்கிறேன்னு பாத்துட்டு சாவிய உங்கிட்ட குடுக்கறேன்."

தங்குவதற்கு ரூம்பு என்றதும் மற்றதெல்லாம் என் காதில் விழவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற ஒரு கதவை நினைத்தேன். நானாக ஓடிப்போனால் அண்ணன் தேடி வந்து இழுத்துக்கொண்டு போவார். ஒரு தடவை ஓடி, செங்கல்பட்டு ரயிலடியில் பிடிபட்டு, அங்கேயே எல்லோர் எதிரிலும் வாங்கியிருக்கிறேன். முதலாளியே கூப்பிட்டு வைத்துக்கொண்டால் அண்ணனால் வாய் திறக்க முடியாது. எங்கள் அண்டாவில் வேகிற நூல் எல்லாம் முதலாளியுடையது. ஆக, அந்த விமானம் மூடிப் படத்தின் நிறத்துக்கு வந்தால் எனக்கு அடி நிற்கும். வராவிட்டால் நிற்காது.

பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்து முதலாளி சொன்னதைச் சொன்னேன். அண்ணன் பெட்டியை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்.

"பொம்ம ஒட்டப் போறியா? ஒட்டு. அண்டாவாண்ட வேல ஒரு நிமிஷம் நின்னுச்சுன்னா இறக்கைய முறிச்சிடுவேன். ஏரோப்ளேனோடத சொல்லல."

சோற்று நேரத்தில் ஒரு பக்கம் தின்றுகொண்டே, பிளேடால் துண்டுகளை அறுத்து ஒட்டி முடித்தேன். நான்கு நாள் ஆயிற்று. அது சுலபம்தான். நிறத்தில்தான் என் புத்தி சாயக்காரன் புத்தியாகவே ஓடியது. நிறம் என்றால் பொருளுக்குள் இறங்கவேண்டும், மேலே உட்கார்ந்திருப்பது நிறமே இல்லை என்றுதான் எங்களுக்குத் தெரியும். மிச்சமிருந்த சட்டத்தில் விரல் நீளம் வெட்டி, கிளிப்பச்சை வெந்துகொண்டிருந்த அண்டாவில் ஒரு முக்கு முக்கி எடுத்தேன். தாமரை இலையில் தண்ணீர் போல சாயம் உருண்டு ஓடிவிட்டது. சட்டம் அதே சாம்பலாக, ஆனால் சூட்டில் முற்றின வெண்டைக்காயாட்டம் வளைந்து வந்தது. எதையும் முதலில் ஒரு சின்னத் துண்டில் பார்ப்பது எங்கள் தொழிலில் பழக்கம். அந்தப் பழக்கம் அன்றைக்கு விமானத்தைக் காப்பாற்றியது.

கதவு ஜன்னலுக்குப் பூசுகிற எனாமல் பெயின்ட் சின்ன டப்பாக்களில் வாங்கி வந்தேன். பச்சை, காவி, வெள்ளை, நீலம், கறுப்பு. சட்டத்தில் பூசிப் பார்த்தால் வெல்லப்பாகு ஊற்றினது போல் இருந்தது. அந்தப் பிளாஸ்டிக்கில் மயிர் கனத்துக்குக் கோடுகள், ஊசிமுனைப் புள்ளிகள் எல்லாம் அச்சாக இருந்தன. நிஜ விமானத்தில் தகரத்தை ஆணி அடித்துச் சேர்த்த இடங்கள் அவை. எல்லாம் பாகில் முங்கிப்போயின. பெயின்ட்டை நீர்க்க வைக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாரிக்குப் பெயின்ட் அடிக்கிற பாய் ஒருவர் இருந்தார். என் வயதுதான். வாயைத் திறந்தால் கிண்டல்.

"இன்னா சாயக்காரரே, பட்ட உட்டுட்டு பெயின்ட்டுக்கு வந்துட்டீரு?"

"இத தண்ணியாக்கணும் பாய். எதுல கலக்கறது?"

"நாங்க கலக்கறத எடுத்துக்கினு போ. ஜல்தியா காயும்."

ஒரு பாட்டிலில் தின்னர் ஊற்றிக் கொடுத்தார். மூக்கைத் துளைக்கிற வாடை. வீட்டுக்கு வந்து கலந்து சட்டத்தில் தடவினேன். பெயின்ட் அழகாக ஓடியது. சந்தோஷமாக எடுத்துப் பார்த்தால் சட்டமே விரலில் ஒட்டிக்கொண்டு கோந்தாக நீண்டது. அந்தக் கோந்தை விரலில் வைத்துக்கொண்டே திரும்ப ஓடினேன். அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் லாரி மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டி வந்தது.

"யாருக்குத் தெரியும், நீ கதவுக்குன்னு நெனச்சேன்! இன்னும் ரெண்டு சொட்டு உட்டிருந்தா ஏரோப்ளேன் கூழு காய்ச்சிக் குடிச்சிருக்கலாம். டர்பன்டைன் வாங்கு நைனா. கொஞ்சங்கொஞ்சமா ஊத்து. குச்சிய முக்கித் தூக்குனா மோர் மாதிரி எறங்கணும். தயிரும் கூடாது, தண்ணியும் கூடாது."

டர்பன்டைன் வாங்கினேன். பச்சை டப்பாவின் அடியில் பெயின்ட் கட்டி தட்டிக் கிடந்தது. டர்பன்டைனை ஊற்றி எவ்வளவு கிண்டியும் கரையவில்லை. சாயம் கரையாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? சூடு காட்டுவோம். யோசிக்கவே இல்லை. கை தானாக டப்பாவைக் கொண்டுபோய் அடுப்பு விளிம்பில், தணலுக்குப் பக்கத்தில் வைத்தது.

ஒரு நிமிஷம் இருக்கும். டப்பா 'புஸ்' என்றது. பச்சையும் கறுப்புமாக ஒரு நாக்கு எழும்பிக் கூரைத் தகரத்தைத் தொட்டது. என் புருவமும் முன்மயிரும் கருகின வாடை வந்த பிறகுதான் நான் பின்வாங்கினேன். டப்பா சாய்ந்து நெருப்பு தரையில் ஓடியது. காய்வதற்குக் கொடியில் போட்டிருந்த நூல் கட்டுகளை நோக்கி ஓடியது. அண்ணன் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. தொட்டியில் ஊறிக்கிடந்த கோணிச் சாக்கை எடுத்து நெருப்பின்மேல் எறிந்தார், அதன்மேல் விழுந்து இரண்டு கையாலும் அமுக்கினார். அணைந்தது. எழுந்து, அதே மூச்சில் என் காதில் விட்டார்.

"நெருப்பாண்ட எண்ணெய் வெக்கிறியா? எரிச்சிட்டுப் போறியா எல்லாத்தையும்? போறதுன்னா எரிச்சிட்டுத்தான் போவியா?"

விழுந்த பிறகு காலால் உதைத்தார். விலாவில் மூன்று. அண்ணி வாசற்படியில் நின்று, "போதும், போதும், சட்டை பத்திக்கினு இருக்குது பாருங்க" என்று கத்தினார். சட்டை பற்றிக்கொண்டிருந்தது அண்ணனுக்கு. முதுகுப் பக்கம் ஒரு கை அகலம் புகைந்தது. அதைப் பார்க்காமலேயே என்னை உதைத்துக்கொண்டிருந்தார். அண்ணி ஒரு சொம்புத் தண்ணீரை அவர்மேல் வீசினார்.

அன்று ராத்திரி வாசலில் நின்று காறித் துப்பினால் எச்சில் சிவப்பாக வந்தது. ஆனால் பிள்ளைகளே, உண்மையைச் சொல்லவேண்டும். சாவி என் மடியில் இருக்கிறது போலத்தான் எனக்கு இருந்தது. இன்னும் சில நாள்தான் என்று எண்ணிக்கொண்டே படுத்தேன்.

அதன்பிறகு பொறுமையாகச் செய்தேன். புது டப்பா. கட்டி தட்டினதைக் குச்சியால் நசுக்கி நசுக்கி, டர்பன்டைனைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கழிவுப் பட்டுத் துணியில் வடிகட்டினேன். பட்டில் வடிகட்டின பெயின்ட் போல மழமழப்பு வேறு எதிலும் வராது என்று அன்று தெரிந்துகொண்டேன். குச்சியைத் தூக்கினால் மோர் மாதிரி இறங்கியது. அதோடு மண் நிறம், வயிற்றுக்கு வெள்ளையில் நீலம் துளி.

பச்சையை மூடிப் படத்தோடு ஒத்துப் பார்த்தேன். இங்கேதான் எந்தப் பெயின்ட்காரனும் செய்யாத ஒரு தப்பைச் செய்தேன். பட்டு நூல் ஈரத்தில் கறுத்திருக்கும், காய்ந்தால் வெளுக்கும். அதனால் சாயக்காரன் எப்போதும் வேண்டியதைவிட இரண்டு படி அழுத்தமாகத்தான் அண்டாவிலிருந்து எடுப்பான். பத்து வருஷமாக என் கண் அப்படிப் பழகிவிட்டது. படத்துக்குச் சரியாக வந்திருந்த பச்சையில் கறுப்பைக் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டேன். காய்ந்தால் சரியாகிவிடும் என்று பூசினேன். எனாமல் வெளுக்காது. புரட்டாசி மழை ஈரம், போதாததற்குக் கொட்டகை ஆவி. இரண்டு நாள் கழித்துக் காய்ந்தபோது பூசின நிறத்திலேயே, அதைவிடக் கொஞ்சம் கறுத்தே நின்றது.

அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னாடா இது? எரும கொளத்துலேந்து ஏறி வந்தாப்பல இருக்குது. பாசி வேற புடிச்சிக்கினு இருக்குது."

கொலுவுக்கு ஆறு நாள்தான் இருந்தது. மறுநாள் காலையிலிருந்து டர்பன்டைன் தோய்த்த துணியால் அத்தனையையும் துடைத்தெடுத்தேன். கோடுகளுக்குள் போன பெயின்ட்டை ஊசியால் கீறினேன். அந்த மும்முரத்தில் அண்டாவை மறந்தேன். மாம்பழ நிறத்தில் நான்கு கட்டு நூல் புரட்டாமல் கிடந்து ஒரு பக்கம் கறுத்தும் ஒரு பக்கம் வெளுத்தும் போய்விட்டது. அண்ணன் அதைத் தூக்கிப் பார்த்தார். ஈர நூலை அப்படியே என் முகத்தில் வீசினார். சுடுசுடு என்று கழுத்தெல்லாம் இறங்கியது. பிறகு கழியை எடுத்தார். துடைத்துக்கொண்டிருந்த விமானத்தின்மேல் நான் குப்புற விழுந்து மறைத்துக்கொண்டேன். முதுகு, தோள், தொடை. எத்தனை என்று எண்ணவில்லை. கழி பிளந்த சத்தம் கேட்டதும் நின்றது.

"அந்த பொம்மைய மறைக்கிறதுக்கு பதிலு மண்டைய மறைடா, மடையா" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வால் மட்டும் விட்டுக்கொண்டது. ஒட்டினேன்.

இந்தத் தடவை ஈரத்தில் எப்படியோ அதுதான் நிறம் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லிக் கலந்தேன். முதல் பூச்சு மெல்லிசாக, திட்டுத்திட்டாக, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. மேலே மறுபடி தூரிகையை இழுக்கக் கை துடித்தது. இழுத்தால் பாதி காய்ந்தது உரிந்து வரும். கையை அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்து போனேன். ஆவி படாமல் வீட்டுப் பரணில் வைத்துக் காயவிட்டு, இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவது பூச்சில் அது வந்தது. பச்சை அந்தப் பச்சையே. ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு புள்ளியும் வாயை மூடிக்கொள்ளாமல் பேசியது. மண் நிறத் திட்டுகள், இறக்கையில் நம் கொடி நிறத்தில் வட்டம். முதுகு வலியில் குனிய முடியாமல் நின்றபடியே பூசி முடித்தேன். கொலு வைக்க இரண்டு நாள் இருந்தது. மேல்பக்கம் தொட்டால் ஒட்டும், ஒரு நாள் கிடந்தால் போதும். ஜன்னல் பலகையில் காற்றுக்கு வைத்தேன்.

மறுநாள் விடிந்து கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து பார்த்தேன். இடது இறக்கையில், பச்சை நடுவில், ஒரு கட்டைவிரல் அழுந்தியிருந்தது. ரேகை எல்லாம் விழுந்திருந்தது. ரேகைக்குக் குறுக்கே ஒரு வெடிப்பு. நூலின் பசை போக்குகிற சோப்பு, சோடாத் தண்ணீரில் ஊறி வெடித்த அந்தக் கட்டைவிரல் யாருடையது என்று எனக்குச் சொல்லவேண்டியதில்லை.

இனி துடைத்து, மூன்று பூச்சு பூசிக் காயவிட நாள் இல்லை. சாவி போய்விட்டது என்று நினைத்தேன். வேண்டுமென்றேதான் செய்தார் என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை.

கொட்டகையில் அண்ணன் எனக்கு முதுகைக் காட்டி, குனிந்து நூலைப் புரட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அரக்கு நிறம். அண்டா தளதளவென்று கொதித்தது. சுவரில் சாத்தியிருந்த கழியை எடுத்தேன். காதில் அடித்தேன். எங்கே முதலில் அடிக்கவேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவர் தடுமாறித் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அடித்தது யார் என்று தெரியாத முகம். இரண்டாவது அடி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். மூன்றாவதற்கு ஓங்கியபோது கழியைப் பிடித்துக்கொண்டார். இருவரும் இழுத்தோம். அவர் என் உதட்டில் தலையால் முட்டினார், பல் உதட்டைக் கிழித்து உள்ளே போயிற்று. நான் கழியை விட்டுவிட்டு நெஞ்சில் இரண்டு கையும் வைத்துத் தள்ளினேன். தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். அவர் பக்கவாட்டில் சரிந்தார். பிடித்துக்கொள்ள நீட்டின வலது கை, முழங்கைக்கு மேல்வரை அண்டாவுக்குள் போனது.

அவர் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது, நீளமாக. கையை வெளியே எடுத்தார். அதில் நூல் சுற்றிக்கொண்டு வந்தது. கை முழுக்க அரக்கு. எது சாயம், எது ரத்தம் என்று தெரியவில்லை. பட்டில் ஏறுகிற சாயம் மனுஷன் தோலிலும் ஏறும். அண்ணி ஓடிவந்து நூலைப் பிடித்து இழுத்தார். நூலோடு தோலும் வந்தது. அப்போதுதான் அண்ணன் கத்தினார்.

ஒற்றை மாட்டு வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கம்பவுண்டர் கேட்டார், "எப்படிபா ஆச்சு?" அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் கண்ணால் காட்டினார். "இவன் தள்ளுனான்." கம்பவுண்டர் என் கிழிந்த உதட்டைப் பார்த்தார், எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணி தள்ளி உட்கார்ந்தார்.

"ஏம்பா அடிச்ச?"

"இறக்கையில வெரல வெச்சி அழுத்திட்டாரு அண்ணி. எனக்கு சாவி கெடைக்கக் கூடாதுன்னு."

அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"காலையில அத ஜன்னலாண்ட வெச்சி வெச்சிப் பாத்துக்கினு இருந்தாரு. நல்லாக் காஞ்சிதா பாரேன்னு சொல்லிட்டு, நூலை அமுக்கிப் பாக்கறாப்பல அமுக்கிப் பாத்துட்டாரு. ஒட்டிக்கிச்சின்னதும் பயந்துட்டாரு தெரியுமா? அவனாண்ட நீயே சொல்லுடின்னு என்னைச் சொன்னாரு. நான் சொல்றதுக்குள்ள நீ கொட்டாய்க்குப் போயிட்ட."

நூல் காய்ந்ததா என்று கட்டைவிரலால் அமுக்கித்தான் நாங்கள் பார்ப்போம். நானும் ஒரு நாளைக்கு நூறு தடவை அப்படித்தான் பார்ப்பேன். 

மறுநாள் முதலாளியே வந்தார். விமானத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்குதுபா. மூடியில இருக்கிறதேதான்." விரல் பதிந்த இடத்தைத் தடவினார். "இத சுவத்துப் பக்கமா திருப்பி வெச்சிட்டா போச்சு."

நான் காத்திருந்தேன். அவர் பெட்டிக்குள் துணியைச் சுருட்டி வைத்து அதன்மேல் விமானத்தை வைத்தார். மூடியைப் போட்டபிறகு சொன்னார்.

"சாவிய உனக்குத்தான்னு வெச்சிருந்தேன். இப்ப முடியாதுபா. கொதிக்கிற அண்டாவாண்ட வெச்சி ஆள அடிச்சவங்கிட்ட பத்து பேர எப்படி ஒப்படைப்பேன்? அவங்க பொண்டாட்டிமாருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"பத்து வருஷமா அவரு என்ன அடிச்சாரு முதலாளி."

"தெரியும்பா" என்றார். "ஊருக்கே தெரியும்."

பெட்டியை இடுக்கிக்கொண்டு போனார். அந்த வருஷக் கொலுவை நான் பார்க்கப் போகவில்லை.

திருப்பருத்திக்குன்றத்துக்கு வேறு ஆள் போனார். நான் அந்தக் கொட்டகையிலேயே, அண்ணன் வேலையும் என் வேலையுமாக இரண்டு அண்டாவையும் பார்த்தேன். அவர் கை ஆறுவதற்கு நான்கு மாதம் பிடித்தது. ஆறினபிறகும் முழங்கை மடங்கினது மடங்கினதுதான். கழி தூக்குகிற கை இல்லை அது. அப்படித்தான் எனக்கு அடி நின்றது. வேறு மாதிரி நிற்கும் என்று எண்ணித்தான் மோர் பதத்துக்குப் பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் அவர் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, என்னிடம் பேசவுமில்லை. ஒரு நாள் காலை, நான் மயில்கழுத்து நிறத்தில் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. இடது கையால் ஒரு கட்டு நூலை இழுத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பத்தாதுடா."

அந்தக் குரல் கேட்டதும் என் தலை தானாகக் கீழே போயிற்று, தோள் காதுக்கு ஏறியது. கழி என் கையில்தான் இருந்தது. அவர் கை துணிக்கட்டுக்குள் இருந்தது. இரண்டும் எனக்குத் தெரியும். அப்படியும் உடம்பு சுருண்டது.

அவர் அதைப் பார்த்தார். கையில் பிடித்திருந்த நூலிலிருந்து நீலத் தண்ணீர் அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலையேடா" என்றார். பிறகு, "இன்னொரு முக்கு முக்கு. அவ்ளோதான்" என்று நூலை என்னிடம் நீட்டிவிட்டு வீட்டுக்குள் போனார்.

நான் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். மறுபடி அண்டாவில் இறக்கினேன்.